ஓய்வு மட்டும் மருந்தல்ல

(பளைப் பகுதித் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஞாயிறு ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் எமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வழமையாக இந்த இடத்தில் நாங்கள் சம்பளத்தைப் பற்றிக் கதைப்போம், சேமலாப நிதியைப் பற்றிக் கதைப்போம். இன்றைக்கு மூச்சைப் பற்றிக் கதைக்கப் போகிறோம். சங்கத்துக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கலாம். உரை முடியும்போது அது உங்களுக்கு விளங்கும்.

எங்களுடைய அங்கத்தவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆனால் கதையைச் சொல்லச் சொன்னதும் அவர்தான். வயது 52. அலவாங்கை நட்டு வைத்து ஒரு நாளில் ஆயிரம் தேங்காய்க்கு மேல் உரித்த மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இரவு படுக்க முடியாமல் எழும்பிக் குந்தியிருந்தார். மூச்சு வாங்கியது. தொய்வு என்று நினைத்து வீட்டார் கைவைத்தியம் செய்தார்கள். காலும் வீங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயம் பலவீனப்பட்டிருக்கிறது என்றார்கள். குளிசைகள் கொடுத்தார்கள். பாரமான வேலை செய்ய வேண்டாம், ஓய்வெடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள்.

அந்த "ஓய்வு" என்ற சொல் வீட்டுக்கு வந்த பிறகு வளர்ந்துவிட்டது. முதலில் பாரம் தூக்க வேண்டாம். பிறகு தண்ணீர் அள்ள வேண்டாம். பிறகு கடைக்குப் போக வேண்டாம். கடைசியில் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம். அன்பினாலே சொன்னதுதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடத்தில் அந்த மனிதருக்குக் கட்டிலிலிருந்து கிணற்றடி வரைக்கும் நடக்க இயலாமல் போய்விட்டது. அக்கா கிடுகு பின்னித்தான் அடுப்பெரிந்தது. அந்த நேரத்தில் அவரிடம் ஒரு கடிதம் வந்தது. "சுயவிருப்பின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று தட்டச்சுச் செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"தம்பி, போடட்டோ?" என்று எங்களிடம் கேட்டார்.

"பொறுங்கோ அண்ணை" என்றோம். அடுத்த கிளினிக் நாளில் சங்கத்திலிருந்து இரண்டு பேர் அவருடன் போனோம். வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறீங்கள்?"

"நடக்கக் கூடாது எண்டுதானே ஐயா சொன்னீங்கள்."

"பாரம் தூக்க வேண்டாம் எண்டுதான் சொன்னது. நடக்க வேண்டாம் எண்டு ஆர் சொன்னது?"

தோழர்களே, அந்த ஒரு கேள்வியால்தான் இன்றைக்கு இந்த உரை.

இருதயச் செயலிழப்பு என்று துண்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால் இருதயம் நின்றுவிட்டது போலப் பயம் வரும். அப்படியில்லை. இருதயம் அடிக்கிறது, ஆனால் உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ளும் பலம் அதற்குக் குறைந்துவிட்டது. மாரடைப்பு வந்து இருதயத் தசை பழுதாகியிருக்கலாம். பல வருடம் கவனிக்காமல் விட்ட உயர் இரத்த அழுத்தம் காரணமாக இருக்கலாம். சின்ன வயதில் தொண்டை நோவோடு வந்த வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருக்கலாம். குடி, நீரிழிவு, சில வைரசுக் காய்ச்சல்களும் காரணமாகலாம். இளைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல், சும்மா இருக்கும்போதே களைப்பு, இவைதான் அடையாளங்கள்.

இது கிழவர்களின் நோய் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குப் பக்கத்திலே, கடலுக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் 2013ஆம் ஆண்டு இந்த நோயோடு வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட 1205 பேரைப் பதிவு செய்து பார்த்தார்கள். சராசரி வயது 61. மேற்கு நாடுகளில் இந்த நோய் வருகிற வயதை விட இது ஏறக்குறைய பத்து வருடம் குறைவு. 10 பேரில் 7 பேருக்கு இருதய இரத்தக் குழாய் அடைப்புத்தான் காரணம். எங்கள் சாப்பாடும் எங்கள் உடல்வாகும் அவர்களுடையதுக்குக் கிட்டத்தான் இருக்கிறது.

சரி, பலவீனமான இருதயத்தோடு நடந்தால் அது இன்னும் பழுதாகாதா? எங்கள் அம்மாமார் மட்டுமல்ல, பெரிய வைத்தியர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். சில பத்தாண்டுகளுக்கு முன்வரை இந்த நோயாளருக்குப் படுக்கை ஓய்வுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் அன்ட்ரூ கோட்ஸ் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் 11 நோயாளரை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 8 வாரம் வீட்டிலேயே சைக்கிள் மிதிக்கும் பயிற்சி, 8 வாரம் ஓய்வு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பயிற்சி செய்த வாரங்களில் அதே ஆட்களுக்கு இளைப்புக் குறைந்தது, கூடிய நேரம் மிதிக்க முடிந்தது. பதினொரு பேர்தான். ஆனால் "அசையாதே" என்ற பழைய கட்டளையை அசைத்த ஆய்வுகளில் அது ஒன்று.

பிறகு 2009இல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 2331 நோயாளரிடம் செய்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. பயிற்சி பாதுகாப்பானது என்று அது காட்டியது. அன்றாட வாழ்க்கை கொஞ்சம் இலகுவானதாக நோயாளர் சொன்னார்கள். ஆயுள் கூடுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை நாங்கள் மறைக்கக் கூடாது. 2019இல் 44 ஆய்வுகளை, 5783 நோயாளரின் விபரங்களோடு ஒன்று சேர்த்துப் பார்த்தபோதும் இதே படம்தான். பயிற்சி செய்கிறவர்கள் திரும்பத் திரும்ப வைத்தியசாலையில் படுக்க வேண்டி வருவது குறைகிறது, வாழ்க்கைத் தரம் கூடுகிறது. நோய் மாறிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. கிணற்றடிக்குத் தானே போய்க் குளிக்க முடிகிற வாழ்க்கை ஒன்று திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நோயாளியின் வீட்டாரைக் கேளுங்கள்.

இது எப்படி நடக்கிறது? எங்களுக்குத் தெரிந்த தண்ணீர்ப் பம்பை நினையுங்கள். பம்பின் வேகம் குறைந்துவிட்டது. ஆனால் வாய்க்காலில் புல் மண்டிக் கிடந்தால், பாத்தி மண் இறுகிக் கிடந்தால், வருகிற கொஞ்சத் தண்ணீரும் கன்றுக்குப் போய்ச் சேராது. படுத்தே கிடக்கிற உடம்பிலும் அப்படித்தான். கால் தசை சுருங்குகிறது, வருகிற ஒட்சிசனைப் பயன்படுத்தும் சக்தியை இழக்கிறது, இரத்தக் குழாய்கள் விரிய மறக்கின்றன, மூச்சு விடுகிற தசையும் தளர்கிறது. பயிற்சி பம்பைப் பெரிதாகத் திருத்தாது. வாய்க்காலைத் துப்புரவாக்கும், பாத்தியைக் கொத்தி விடும். அதே பம்பில் கூடிய மரம் நனையும்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். "நாங்கள் விடிஞ்சால் பொழுதுபடும் வரைக்கும் மாடாய் உழைக்கிறம். எங்களுக்கு என்னத்துக்கு உடற்பயிற்சி?"

உழைக்கிற உடம்புக்கு நன்மை உண்டு என்பது உண்மை. அதைக் கண்டுபிடிக்க உதவியதே தொழிலாளர்கள்தான். 1953இல் ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் லண்டன் நகர பஸ் தொழிலாளரை ஆராய்ந்தார். நாள் முழுவதும் ஆசனத்தில் இருக்கிற சாரதிகளை விட, இரண்டு தட்டு பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துனர்களுக்கு மாரடைப்புக் குறைவாகவும் பிந்தியும் வந்தது. ஒரே சீருடை, ஒரே கம்பனி, ஒரே தெரு. இருந்து செய்கிற வேலைக்கும் நடந்து செய்கிற வேலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அது உலகத்துக்குக் காட்டியது.

ஆனால் நல்ல இருதயத்துக்குப் பொருந்துவது பலவீனப்பட்ட இருதயத்துக்கு அப்படியே பொருந்தாது. தேங்காய் உரிக்கும்போது மூச்சை அடக்கி அழுத்துகிறோம். மூட்டை தூக்கும்போதும் அப்படித்தான். அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் சடாரென்று ஏறும். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் களைத்தாலும் நிறுத்த மாட்டோம். மத்தியான வெயிலில் வியர்வை ஓடும். வேகத்தைத் தீர்மானிப்பது எங்கள் மூச்சல்ல, லொறி வருகிற நேரம். பயிற்சி இதற்கு எதிர்மாறானது. மெதுவாகத் தொடங்கும், நீங்கள் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கும், நாளைக்கு ஒரு அடி கூடும். அதனாலேதான் சொல்கிறோம்: வேலைக்குப் போகிறவருக்கும் பயிற்சி தேவைப்படலாம், வேலைக்குப் போக முடியாதவருக்குக் கட்டாயம் தேவை.

எப்படிச் செய்வது என்று இப்போது பார்ப்போம். நாங்கள் வைத்தியர் அல்ல. கிளினிக்கில் கேட்டதையும் படித்ததையும்தான் சொல்கிறோம். ஆகவே முதல் வேலை, உங்கள் வைத்தியரிடம் கேட்பது. "ஐயா, நான் நடக்கலாமோ, எவ்வளவு நடக்கலாம்?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருவரும் தொடங்க வேண்டாம். வால்வு மிகவும் சுருங்கியவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இருந்த இடத்திலேயே இளைக்கிறவர்கள், இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் வைத்தியர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

அனுமதி கிடைத்ததும் தொடக்கம் சின்னதாக இருக்கட்டும். வைத்தியசாலையில் 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று அளந்து பார்ப்பார்கள். எங்களிடம் அதற்கு ஒரு அளவுகோல் ஏற்கெனவே நட்டு நிற்கிறது. ஒழுங்காக நட்ட தென்னந்தோட்டத்தில் மரத்துக்கு மரம் 26 அடி, ஏறக்குறைய 8 மீற்றர். 25 இடைவெளி நடந்தால் 200 மீற்றர். மரங்களை எண்ணுங்கள், கொப்பியில் எழுதுங்கள். ஆனால் தேங்காய் விழுகிற மரத்தடியில் நடக்காமல் உள்பாதையால் நடவுங்கள். பறிக்கிற நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடம் ஆறுதலாக நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு கொஞ்சம் வேகம். கடைசி ஐந்து நிமிடம் மீண்டும் ஆறுதல், சட்டென்று நிறுத்திக் குந்தக் கூடாது. வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் நடக்கிறவரோடு கதைத்துப் பாருங்கள். முழு வசனம் சொல்ல முடிந்தால் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தால் வேகம் கூடிவிட்டது. நாடித் துடிப்பை எண்ணிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த நோய்க்குக் கொடுக்கும் சில குளிசைகள் துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும். தொடக்கத்தில் ஐந்து பத்து நிமிடம் போதும், இடையில் இருந்து ஆறலாம். ஒவ்வொரு வாரமும் ஓரிரு நிமிடம் கூட்டி, வாரத்தில் 3 முதல் 5 நாள், 30 நிமிடம் என்ற இடத்துக்கு வருவதுதான் இலக்கு. அவசரமே இல்லை.

சைக்கிள் இல்லாத வீடு எங்கள் குடாநாட்டில் இல்லை. பாதை சமதரை. கொஞ்சம் பலம் வந்த பிறகு, வைத்தியர் சம்மதித்தால் அதுவும் நல்ல பயிற்சி. ஆனால் சோளகம் வீசுகிற மாதங்களில் காற்றை மறந்துவிடாதீர்கள். காற்றுக்கு எதிராகப் போவது மேட்டில் ஏறுவது போலத்தான். தொடங்கும்போது எதிர்க்காற்றில் மெதுவாகப் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளுகிற மாதிரி வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதும் ஒரு பயிற்சி. ஐந்து தரம், பிறகு பத்துத் தரம். எழும்பும்போது மூச்சை வெளியே விட வேண்டும், ஒருபோதும் அடக்கக் கூடாது. காலை ஆறு மணி அல்லது வெயில் தாழ்ந்த பின் நல்ல நேரம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்? நெஞ்சு நோ, தலைச்சுற்று, கண் இருட்டுதல், இருதயம் படபடவென்று அடித்தல் வந்தால் உடனே நிறுத்தி இருங்கள். இருந்தும் குறையாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சல் நாளில் நடக்க வேண்டாம். காலையில் எழும்பிச் சலம் கழித்த பின் நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, தேங்கிய நீர். அன்றைக்கு நடை இல்லை, வைத்தியசாலைதான்.

குளிசையை நிறுத்தி விட்டு நடந்தால் போதும் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். குளிசையோடு சேர்ந்ததுதான் நடை. உப்பும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் நல்ல உடம்புக்கே கூடாது. ஆனையிறவு உப்பளம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதை முழுக்க நாங்களே தின்று முடிக்கத் தேவையில்லை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், இவற்றில் கையைக் குறையுங்கள். இன்னொன்று, எங்கள் ஆட்கள் கட்டாயம் கேட்க வேண்டியது: இளநீர். அதில் பொட்டாசியம் கூட. இருதயத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகளும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பே குழம்பலாம். தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது என்று குடிக்காமல், வைத்தியரிடம் கேட்டுக் குடியுங்கள்.

தாய்மாரே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். 2009இல் வந்த அந்தப் பெரிய ஆய்வில் சேர்ந்தவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெண்ணுக்கு இளைத்தால் "வீட்டு வேலைக் களை" என்று சொல்லிவிடுவோம். பிள்ளை பெறுவதை ஒட்டிய மாதங்களிலும் இருதயம் பலவீனப்படலாம். குழந்தை பிறந்த பின் படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீக்கம் வற்றவில்லை என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். நோய் வந்த பெண்ணுக்கும் நடக்க நேரம் வேண்டும். அந்த அரை மணித்தியாலம் அடுப்படியை யார் பார்ப்பது என்று அண்ணாமார் யோசியுங்கள்.

இனிச் சங்கத்தின் விடயம். தோழர்களே, நோய் வந்தவுடன் "என்னால் இனி ஏலாது" என்று எழுதப்பட்ட எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் சிகிச்சை, பிறகு பயிற்சி, பிறகு வைத்தியரின் கருத்து, அதன் பிறகுதான் முடிவு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிலாளர் வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். நீங்கள் அவசரப்பட்டுப் போடுகிற கையெழுத்துத்தான் அந்தச் சம்மதம் ஆகிவிடுகிறது. அந்த 180 நாளைக் காட்டச் சம்பளத் துண்டும் சேமலாப நிதிக் கணக்கும் வேண்டும். அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலாளி கட்ட வேண்டிய 12 வீதமும் உங்கள் 8 வீதமும் போகிறதா என்று பாருங்கள். நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் முதலாளியின் கடமை. இருதய சத்திரசிகிச்சை தேவைப்படும் அங்கத்தவருக்கு அந்த நிதியிலிருந்து உதவி பெற வழி இருக்கிறது. உண்மையாகவே நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால், வயது வராவிட்டாலும் சேமலாப நிதியை எடுக்கலாம். அது உங்கள் உரிமை. ஆனால் அது கடைசிப் படி.

எங்கள் அண்ணையின் கதைக்குத் திரும்புவோம். முதல் நாள் 12 மரம் நடந்து குந்திவிட்டார். அக்கா அழுதா. அடுத்த நாளும் 12. அதற்கடுத்த கிழமை 15. மூன்று மாதத்துக்குப் பிறகு 100 இடைவெளி நடக்கிறார், அதாவது 800 மீற்றர், இடையில் ஒரு தரம் ஆறி. இனி அவர் தேங்காய் உரிக்க மாட்டார். அதை அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் வைத்தியரின் துண்டைக் காட்டிக் கதைத்த பிறகு, நாற்றுமேடையில் கன்று பார்க்கிற பாரமில்லாத வேலை கிடைத்திருக்கிறது. அந்தக் கடிதம் கையெழுத்தில்லாமல் எங்கள் கோப்பில் கிடக்கிறது.

அந்த 2331 பேரின் ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வீட்டுக்கு நடக்கும் இயந்திரமோ சைக்கிளோ கொடுத்தும், நாள் போகப் போகப் பலர் பயிற்சியைக் குறைத்துவிட்டார்கள். தனியாகச் செய்தால் மனம் சலித்துவிடும். எங்களிடம் இயந்திரம் இல்லை. ஆட்கள் இருக்கிறோம். ஆகவே சங்கத்தின் சார்பில் மூன்று விடயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்குப் பாடசாலை வாசலிலிருந்து நடைக்குழு. வைத்தியர் அனுமதித்த நோயாளரோடு அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வர வேண்டும். மரக்கணக்கை எங்கள் மாணவர்கள் கொப்பியில் எழுதுவார்கள்.

இரண்டு, கிளினிக் நாளில் அங்கத்தவரின் சம்பளம் வெட்டப்படக் கூடாது என்பதையும், நோய்வாய்ப்பட்டவருக்குப் பாரமில்லாத வேலை என்பதையும் அடுத்த பேச்சுவார்த்தையில் கோரிக்கையாக வைப்பது.

மூன்று, 35 வயதைத் தாண்டிய எல்லோரும் அரச வைத்தியசாலையில் ஒரு தரமாவது இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பது. அதற்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

இதை வாசிக்கப் போகிற மலையகத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லயத்திலும் இப்படிக் கட்டிலோடு ஒருவர் இருப்பார். உங்கள் மண் மேடு பள்ளம். ஆகவே தொடக்கத்தில் மலைப்பாதை வேண்டாம், லயத்து முற்றத்தின் சமதரையே போதும். கிளினிக்குக்கு அவரோடு கூடப் போங்கள். அவர் கேட்கப் பயப்படுகிற கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சந்திப்போம். அண்ணை முன்னுக்கு நடப்பார், அவருடைய வேகத்தில் நாங்கள் எல்லோரும் நடப்போம்.